பேசாமல் கல் உடைத்தது

ஜூன் 3, செவ்வாய்
செய்திக்காக ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஆதிமனிதனுக்கு முதல் யோசனை எப்படித் தோன்றியது, பேச்சு வருமுன் அதை அடுத்தவனுக்கு எப்படிக் கடத்தினான் என்று ஆராய்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் இருவர் வேண்டுமாம். ஒருவர் மற்றவருக்குக் கற்கோடரி செய்யக் கற்றுத்தர வேண்டும். வாய் திறக்கக் கூடாது. நானே சேர்ந்து எழுதுகிறேன் என்றேன். விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

ஜூன் 4
என் பெயருக்குக் கீழே வீட்டுக்காரருடைய கையெழுத்து. ஒரு வார்த்தை இல்லை.
மார்ச்சில் விருந்தாளிகள் முன்னால், "இந்தக் கதையைப் பத்துத் தடவை சொல்லியாச்சு" என்று என் வாயை அடைத்தார். அன்றோடு நானும் பேச்சை நிறுத்தினேன், இவரும் நிறுத்தினார். அலுவலகத்துக்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் ஓர் அறை பார்த்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் 9
மூளையின் ஓட்டத்தை அளக்க இருவர் தலையிலும் கம்பி முளைத்த தொப்பி. இவர் செயற்கைப் பல் செய்பவர், கை நிதானம்; செய்முறையை முதலில் இவருக்கு மட்டும் காட்டினார்கள். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். சில்லு அழகாகக் கழன்றது. மற்ற ஜோடிகள் கால்மணி நேரத்தில் கத்தத் தொடங்கினார்களாம். நாங்கள் மாலைவரை மூச்சு விடவில்லை.
ஆய்வாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படி இவ்வளவு இயல்பா இருக்கீங்க? வீட்ல பயிற்சி பண்ணீங்களா?"
இவர் தரையைப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன்.

ஜூன் 12
ஆய்வாளர் அம்மாவின் ஆய்வுக்கு நாங்கள்தான் முக்கியச் சான்றாம். மாநாட்டில் எங்கள் படத்தைக் காட்டுவாராம். உம்மென்று இருந்ததற்கு அறிவியலில் இடம்.

ஜூன் 16
அறைக்குச் சரி சொல்ல ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஏன்? மணிக்கட்டைப் பிடித்ததாலா? ச்சே — இந்த வயசுல என்ன பைத்தியக்காரத்தனம்.

ஜூன் 18
இன்று ஆய்வுக்கூடத்தில் தப்பாக அடித்துவிட்டேன். கோடரியாக வேண்டிய கல்லில் இரண்டு குழி, கீழே ஒரு கோணல் வெடிப்பு. எறியப்போனேன். இவர் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினார். சிரிப்பில் தோள் குலுங்கியது.
"உங்க எடிட்டர் மாதிரியே இருக்குல்ல?"
"மூக்கு பத்தாது. குடுங்க."
இரண்டு பக்கமும் தட்டினேன். மூக்கு எழுந்தது.
பிறகுதான் ஆய்வாளர் அம்மா நிற்பதைக் கவனித்தோம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சான்று போயிற்று, மாநாடு போயிற்று. எங்களை நீக்கிவிட்டார். ஆனால் கல்லைத் தரவில்லை. "எங்க துறைத் தலைவரேதான் இது," என்றார்.

ஜூன் 19
முதல் சிற்பி வேட்டையை நினைத்துச் செதுக்கினான் என்கிறார்கள். மேலதிகாரியை நினைத்துத்தான் என்று எனக்குச் சந்தேகம். அதைப் பார்த்து முதலில் பேசியது அவன் வீட்டுக்காரியாக இருக்கும்.
அறையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23
எழுத ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் இவரிடமே சொல்லியாயிற்று.