முழுகிய படகில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு

என் ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டு, என் நிம்மதியையும் சேர்த்துத் தணிக்கை செய்த அருமை மாப்பிள்ளை அருணாசலத்துக்கு,

போன இடத்தில் சௌக்கியமா என்று கேட்கமாட்டேன். அழைத்துப் போக வந்த எருமையைக்கூட, "முதல்ல ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் ஏறுறேன்" என்று சொல்லி அரைநாள் நிறுத்தி வைத்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

நீங்கள் மாசியில் போனீர்கள். ஆடியில் காவிரி பொங்கி வந்தது. அந்தச் சேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையையும் ஊருக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரையில், எங்கள் இலாகாவின் வெள்ளக் கிடங்கு. சாக்கு, கயிறு, மண்வெட்டி, ஒரு படகு. இந்தச் சாம்ராஜ்யத்துக்கு ஸ்டோர்கீப்பர் என்ற பட்டத்தோடு முடிசூடியவன் அடியேன். வெள்ளம் வந்தால் கீழே படுகையில் குடிசை போட்டிருக்கும் சனங்களைக் கரையேற்ற அந்தப் படகை விட்டால் வேறு கதி கிடையாது.

ஆனால் வருஷா வருஷம் நடந்தது என்ன? ஆடிட்டர் வருகிறார் என்றதும் படகுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்போம். அவரும் பார்த்து, 'படகு ஒன்று, நல்ல நிலை' என்று எழுதி, காப்பி குடித்துவிட்டுப் போவார். அணா போய் நயா பைசா வந்தும் இந்த வழக்கம் போகவில்லை. அடித்த பெயிண்டைச் சேர்த்து வைத்திருந்தால் மலைக்கோட்டையை உச்சியிலிருந்து அடிவரை பச்சையாக்கி, மிச்சத்தில் திருவானைக்காவலுக்கும் ஒரு பூச்சு கொடுத்திருக்கலாம்.

போன வருஷம் ஆனியில் ஆடிட்டராக உங்களை அனுப்பினார்கள். "அது என் மச்சான் பாக்குற கிடங்கு, வேற யாரையாவது அனுப்புங்க" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தும் மேலதிகாரி கேட்கவில்லை. என் தங்கை சரோஜா பயந்துபோய், "அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதேங்க?" என்று கேட்டாளாம். "அண்ணன் மிதப்பாரு. படகுதான் எப்படின்னு பாக்கணும்" என்றீர்களாம்.

"மச்சான், படகு எங்க?"

"அதோ பாருங்க மாப்பிள்ளை! மகாராஜா ஏறுற மாதிரி இல்ல?"

"பாத்தாச்சு. தண்ணில இறக்குங்க."

"தண்ணிலயா? பெயிண்ட் போயிடுமே!"

"மச்சான், இது படகு."

இறக்கினோம். நீங்களே ஏறி, குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, படகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தது. பலகை எல்லாம் எப்போதோ உளுத்துப்போய், பெயிண்ட்தான் படகாக நின்றிருக்கிறது! மார்பளவு தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்தபடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இதுல யார மச்சான் ஏத்துவீங்க?"



அதன்பிறகு ஆபீஸில் உங்களுக்கு 'முழுகின சார்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே, பலகை மாற்றச் சொல்லி விடாமல் எழுதினீர்கள். படகு புதுப்பலகையோடு திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா மாப்பிள்ளை?

இந்த ஆனியில் தண்ணீர் வந்ததும் நானே இறக்கிப் பார்த்தேன், கரையில் நின்றபடிதான். படகோட்டி ஓட்டினான். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. விடிந்தும் விடியாத வேளை, படித்துறையில் ஒரு காக்கைகூட இல்லை. ஊரே பார்க்க முழுகின படகு, ஒருவரும் பார்க்காமல் மிதந்தது. அதில் ஒரு வில்லங்கம் இருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆடியில் வெள்ளம் படுகைக்குள் புகுந்தது. படகோடு போனேன். கோழி வளர்க்கும் அஞ்சலை குடிசை வாசலில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி கையை நீட்டி மறித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இது போன வருஷம் முழுகின படகுதானே? நான் கூரை மேல இருந்துக்கிறேன்."

"பலகை பூரா மாத்தியாச்சும்மா! இது இலங்கை வரைக்கும் போகும்!"

"இலங்கைக்கு நீங்க போங்க. நாங்க எங்கயும் வரல."

அவள் சொன்னதும் பின்னால் நின்ற அத்தனை சனமும் பின்வாங்கிவிட்டது. தண்ணீரோ ஏறிக்கொண்டே இருக்கிறது.

"அந்த முழுகின சாரு வரட்டும்" என்றாள் அஞ்சலை. "அவரு ஏறினா நானும் ஏறுறேன்."

"அவரு இல்லம்மா. மாசியில தவறிட்டாரு. நான் அவரு மச்சான்."

"அடப் பாவமே... தண்ணிக்குள்ள உக்காந்து கண்ணாடியத் தொடச்சாரே, அவரா?"

நான் ஏறினேன், மாப்பிள்ளை. அண்டாத் தண்ணீரைக் கண்டாலே அரை மைல் ஓடுகிற நான்! "ஒரு சுத்து வரேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, உங்களைப் போல நிமிர்ந்து உட்கார முயன்றேன். நடுவில் சுழித்த தண்ணீரில் படகு ஒரு ஆட்டம் ஆடியது. முப்பத்து முக்கோடி தேவர்களையும் கூப்பிட்டேன், உங்களையும் சேர்த்து. காதில் விழுந்ததா?

திரும்பி வந்ததும் அஞ்சலை படகுக்குள் குனிந்து, அடிப்பலகையை மூலைக்கு மூலை தடவினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"கோழிக்கூடைய வாங்குங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். கோழிகள் உட்பட. ஒரு சேவல் என் தலையில்தான் பயணம் செய்தது. அதைப் பற்றி விசாரணை வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், சிரித்தாள். "அவரு இருந்தா உன்னைப் பாராட்டியிருக்க மாட்டாருண்ணே" என்றாள். "ஏறப்போறவங்க கண்ணு முன்னால ஏன் முதல்லயே இறக்கலன்னு கேட்டிருப்பாரு."

கேட்டிருப்பீர்கள்தானே?

அதனால் இதோ என் வாக்கு. இனி வருஷா வருஷம் தண்ணீர் வந்ததும், தமுக்கடித்துப் படுகைச் சனத்தைக் கூப்பிட்டு, நட்ட நடுப்பகலில் படகை இறக்குவேன். எந்த அதிகாரி வந்தாலும் ஏற்றிச் சுற்றிக் காட்டுவேன். அவருக்கு எதிரே நானும் உட்காருவேன். அஞ்சலை தடவிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல், 'நல்ல நிலை' என்று ஒருவரையும் எழுத விடமாட்டேன்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே படகேறும் உங்கள் மச்சான்,
சரோஜாவின் அண்ணன், உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன்
ரத்தினசாமி