செத்துக் காட்டிய ஹெட்மாஸ்டர்

மார்ச் 3, செவ்வாய்

மகள் டூஃபி போன் செய்தாள். கால் வீங்கிச் செருப்பே ஏறவில்லையாம். மாதக் கடைசிக்குள் பிறந்துவிடும் என்று அவள் ஊர் தாக்கொராடியில் டாக்டர் சொல்லியிருக்கிறார். "எப்பம்மா வர்றே?" என்றாள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. மகள் பிரசவத்துக்குப் போய்ப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது தாயின் வேலை. இதற்குப் புருஷனிடம் அனுமதி கேட்பவள் இந்தக் கூமாசி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "நீ போயிட்டா எனக்கு ஃபூஃபூ இடிக்கிறது யாரு?" என்றார். வெந்த கிழங்கை உரலில் இடித்து உருட்டினால்தான் இவருக்கு ஃபூஃபூ; கடைப் பொடியில் கிண்டினால் தொட மாட்டார். பக்கத்து வீட்டுக் கொனாடு இடித்தால் கட்டி இருக்குமாம்.

மார்ச் 5, வியாழன்

அக்கா மகன் பொவாடி வந்தான். குறும்படம் எடுக்கிறானாம். தன்னை விட்டால் ஆளில்லை என்று திரிந்த ஒரு பெரிய மனிதர் செத்துப்போகிறார். ஒருவருக்கும் அழுகை வரவில்லை. வாடகைக்கு அழ ஆள் பிடிக்கிறார்கள். சிரிப்புப் படம். அந்தப் பெரிய மனிதராக இவர் நடிக்க வேண்டும்!

இவர் கதையை நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல மனுஷன். ஒரு தப்பும் பண்ணலையே. இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். பொவாடி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் மாட்டியிருப்போம்.

மார்ச் 9, திங்கள்

மறுபடி கேட்டேன். முடியாது.

மார்ச் 11, புதன்

படத்துக்கான சாவுப் போஸ்டர் வந்தது. ஹெட்மாஸ்டர் என்பதில் தொடங்கிப் பட்டம், பதவி எல்லாம் இவரே எழுதிக் கொடுத்தது. வயதில் கொஞ்சம் குறைத்திருக்கிறார். 'மனைவி' என்று என் பெயர் கீழே எறும்பு மாதிரி இருக்கிறது.

ஒட்டப்போனவன் படப்பிடிப்பு வீட்டோடு நிற்கவில்லை. பழக்க தோஷத்தில் சுவாமே ரவுண்டானா வரை ஒட்டிவிட்டான். மத்தியானம் கொனாடு துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். திறந்தது இவர். அவள் அலறிக்கொண்டு வாசலிலேயே விழுந்தாள்.

அடுக்களையில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். "அக்கா, நான் உனக்காகத்தான் வந்தேன். இனிமே தாராளமா தாக்கொராடி போகலாமேன்னு சொல்லத்தான்" என்றாள். சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

இவருக்கு வேறு கவலை. ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியும் ஏன் ஒருத்தி மட்டும் வந்தாள் என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 14, சனி

விதவையாக நடிக்க வந்த பெண்ணை விரட்டிவிட்டார். "என் பிணத்துமேல விழுந்து அழ இவளுக்கு என்ன தகுதி இருக்கு?" சொந்தப் பொண்டாட்டியே அழட்டுமாம்.

ஆக, வீட்டிலும் நான்தான் இவருக்கு வேலை செய்ய வேண்டும், படத்திலும் நான்தான். செத்தாலும் விட மாட்டார் போல. டூஃபிக்கு இடுப்பு வலி வந்து வந்து போகிறதாம். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் கூட ஒருத்தரும் இல்லை. நான் என்னடி பண்ணுவேன்? கதவு தொறந்துதான் இருக்கு, எனக்குத்தான் கால் எழும்பலை.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பித்தளைக் கட்டிலில் விசேஷத்துக்கென்று நெய்யும் கென்டே துணி விரித்து, மூக்கில் பஞ்சு வைத்து இவரைக் கிடத்தியிருந்தார்கள். கூலிக்கு அழுபவர்கள் ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு ஹெட்மாஸ்டருக்கு அழற அழுகையா இது?" மறுபடி படுத்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் பொவாடி, "விடுங்க சித்தப்பா, அசையாம படுக்கிறது பெரிய நடிகருங்களுக்கே வராது" என்றான். இவருக்குச் சுருக்கென்றது. அசைந்தால் பேரை மாற்றிக்கொள்வதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் படுத்தார்.

அடுத்து நான். கிடத்தியிருக்கும் புருஷனிடம் பெண்டாட்டி கடைசியாகப் பேசும்போது எங்களில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். பொவாடி எழுதிக் கொடுத்த புகழ்ச்சியெல்லாம் மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வருகிறது.

"உங்ககிட்ட நான் ஒரு பேச்சையும் பேசி முடிச்சதில்ல. பாதியிலயே திருத்திடுவீங்க. இன்னிக்கு முடிக்கிறேன். நம்ம பொண்ணு தனியா கிடக்கிறா. வியாழக்கிழமை காலைல தாக்கொராடி பஸ் ஏறறேன். வேண்டாம்னா இப்பவே எழுந்து சொல்லுங்க."

காத்திருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்?

பின்னாலிருந்து கொனாடு, "கேட்டுக்கிட்டாரு. மறுப்பு இல்ல" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பொவாடி நிறுத்தச் சொன்னதும் பஞ்சைப் பிடுங்கிவிட்டு இவர் கேட்ட முதல் கேள்வி: "அசைஞ்சேனா?" கூடம் முழுக்கக் கைதட்டல்.

வீட்டுக்கு வந்தபின் வசனத்தை ஏன் மாற்றினாய் என்றார். அப்படித்தான் வந்தது என்றேன். மேற்கொண்டு எப்படிக் கேட்பார்? தெருவெல்லாம் இவர் நடிப்பையே பேசுகிறது.

மார்ச் 18, புதன்

பெட்டி கட்டிவிட்டேன். வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு, தாக்கொராடி

பெண் குழந்தை. வியாழனன்று பிறந்தாள். எங்களில் பிறந்த கிழமைதான் பேர், அதனால் என்னைப் போலவே இவளும் 'யா'.

காலையில் மடியில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது இவர் போன். குழந்தையைப் பற்றிக் கேட்டார், அதிசயம். பிறகு விஷயத்துக்கு வந்தார். பொவாடி படத்தைப் போட்டுக் காட்டினானாம். நான் தாக்கொராடி என்று சொன்ன இடத்தில் இவர் கால் கட்டைவிரல் ஆடியிருக்கிறது. திரும்ப எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மானமே போய்விடும். "ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போ."

அந்த ஒரு நாள் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா?

"விரல் ஆடினா ஆடட்டும். அந்தக் காட்சியை வெட்டிடாதேன்னு பொவாடிகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, குரலை இறக்கி, "அந்தப் பொடி ஃபூஃபூவுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கிண்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு வெந்நீர் எடுக்கப் போனேன்.