அம்மா குறைத்த கை

வெள்ளி, இரவு.

விடிந்தால் கஜகஸ்தான் போட்டிக்குக் கிளம்ப வேண்டும். இதில் தோற்றால் இந்திய அணியில் எனக்கு இடமில்லை.

சாயங்காலம் பெட்டி அடுக்கும்போதுதான் பார்த்தேன். அம்மா என் ஜூடோ ஜாக்கெட்டைத் தான் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கு எடுத்துப்போய், தன் மெஷினிலேயே இரண்டு கைகளையும் வெட்டிக் குட்டையாகத் தைத்திருக்கிறார்.

"தொளதொளன்னு தொங்குச்சு கண்ணு. கெட்டித் துணி, ஊசியே ஒடிஞ்சு போச்சு."

ஜாக்கெட்டின் கை மணிக்கட்டைத் தொடாவிட்டால், போட்டி அதிகாரிகள் அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு ஜாக்கெட் இல்லை. அங்கே யாரிடமாவது இரவல் கேட்க வேண்டும்.

போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன்.

"செரியா இருக்குதா கண்ணு?"

"அளவா இருக்குதுங்கம்மா."

கை விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறைப் பல்லால் கடித்து எடுத்தார்.

"இனி எந்தச் செக்கிங்லயும் பாஸ் ஆயிரும்."