படத்தில் செத்த அம்மா எழுதுவது

சான் பெட்ரோ துறைமுகம்,
நவம்பர் 14, 1954.

அன்பு மகள் தோன்காவுக்கு அம்மா எழுதுவது. போன செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவிலிருந்து இரண்டு பேர் என் மீன்கடைக்கு வந்து, நான் செத்துப் பதினெட்டு வருஷமாகிறது என்று சொன்னார்கள். அது போக இங்கே அனைவரும் சுகம், உன் தம்பி நிகோ புது லாரியை ஒரு தடவைதான் இடித்திருக்கிறான், எனக்கு முழங்கால் மட்டும் ஈரத்துக்குப் பிடித்துக்கொள்கிறது. மத்தி இந்த வருஷமும் வரவில்லை, கானாங்கெளுத்தியும் கணவாயும்தான் கடையை ஓட்டுகின்றன. லண்டன் பனியில் தொண்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே, மேடையில் பாடுகிறவளுக்குக் கம்பளி கட்டினால் அழகு குறைந்துவிடாது.

வந்தவர்களில் ஒருவன் வக்கீல், பெயர் க்ரேன், இன்னொருவன் உன் வாழ்க்கைக் கதையைப் படமாக எழுதும் பொமராய். உன் பிறப்புச் சான்றிதழைத் தேடிய ஒரு குமாஸ்தாப் பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டாளாம். செத்தவளைப் படத்தில் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம், உயிரோடு இருக்கிறவளிடம் சம்மதப் பத்திரம் வாங்க வேண்டுமாம். "தப்பா நெனைக்காதீங்கம்மா, எங்க ஃபைல்ல நீங்க இல்ல" என்றான் க்ரேன். "உங்க ஃபைல்ல இல்லாட்டி பரவாயில்ல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, செருப்புல ஐஸ் தண்ணி ஏறுது" என்றேன். கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்த ஃப்ரானே சும்மா இருப்பானா, "பெரினா அக்கா, செத்தவங்க கையால வாங்கின மீனு சீக்கிரம் கெட்டுடுமா" என்று கேட்டு மொத்தத் துறையையும் சிரிக்க வைத்துவிட்டான்.

அவர்கள் எழுதிய கதையை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். நான் நியூ ஆர்லியன்ஸில் துணி வெளுக்கிறவளாம், காசநோயாம். நான் சாகக் கிடக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சரணம் பாடுகிறாய், மூன்றாவது சரணத்தில் என் கை கட்டிலிலிருந்து விழுகிறது, பிறகு கன்னியர் மடத்தில் அநாதையாக வளர்கிறாய். பொமராயிடம், "மூணு சரணமும் முடியற வரைக்கும் இருமாமக் கெடந்தேனா" என்று கேட்டேன். "அம்மா செத்தாத்தாங்க பொண்ணு பாடுவா, கதையே அங்கதான் திரும்புது" என்றான். "நான் சாகாமலே இத்தனை வருஷமாப் பாடிட்டுத்தானே இருக்கா" என்றேன். அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இதற்கு நடுவில் உன் கடிதம் வந்தது, ஸ்டுடியோக்காரர்கள் உனக்கு முன்பே தெரிவித்துவிட்டார்கள் போல. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடு அம்மா, பழைய பொய், இனிமேல் கிளறினால் நாற்றம்தான், இந்தப் படம் நின்றால் என்னை ஹாலிவுட்டில் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நாற்றத்தைப் பற்றி மீன்காரிக்கே சொல்லித் தருகிறாயா? அந்தப் பெரிய மனிதர்கள் உனக்குச் செய்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. தோன்கா வாயில் நுழையவில்லை என்று கொரின் டேல் ஆக்கினார்கள். கன்னம் குழிய வேண்டும் என்று நல்ல கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கினார்கள், பத்து மாதம் சூப்பை மட்டும் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு மட்டமான படத்தை வேண்டாம் என்றதற்கு வேலையில்லாமல் உட்கார வைத்து, உட்கார்ந்த மாதங்களையும் ஒப்பந்தத்தின் வாலில் கட்டி, ஏழு வருஷத்தை ஒன்பதாக்கினார்கள். புகைப்படத்துக்குப் பொருத்தமாக இருக்கிறான் என்று ஒரு வாத்தியக் குழுக்காரனுக்குக் கட்டிவைத்தார்கள், அவன் கண்ணாடியைத்தான் காதலித்தான். குரல் கனத்ததும் பூக்கூடை ஒன்றைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். இப்போது உன் வாழ்க்கையை விற்க வேண்டுமாம், அதற்கும் நடிக்கிற முகம் வேறொரு இருபத்திரண்டு வயதுக்காரியுடையது, உன்னிடம் தொண்டை மட்டும் போதுமாம். மீனைக்கூட நாங்கள் இப்படித் துண்டு போட்டு ஏமாற்றி விற்பதில்லை.

அநாதை என்று பத்திரிகையில் போட்டது அவர்கள்தான், ஆனால் தலையாட்டியது நீ. உன் முதல் படம் வெளியான அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் பொதுவாகக் கையாட்டினாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், குறையாகத்தான் சொல்கிறேன்.

நீ எங்கே பாட்டுக் கற்றாய் என்று பொமராய் கேட்டான், மடத்துக் கன்னியர் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போல. நான் உள்ளதைச் சொன்னேன். டப்பா மீன் ஆலைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கு, படகு எப்போது வருகிறதோ அப்போது ஊதும், அந்தந்த ஆலைப் பெண்கள் எழுந்து ஓட வேண்டும், பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. எங்களுக்கெல்லாம் ஒரே ஊளையாகக் கேட்கும். ஆறு வயதில் நீ படுத்தபடியே, "இது நம்மளுது இல்லம்மா, பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆலை, தூங்கு" என்பாய். தெருப் பெண்கள் ஜன்னலில் முகத்தை வைத்து, "தோன்கா, யாருதுடி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏப்ரன் கட்டுவார்கள். ஒரே ஒரு தடவை தப்பாகச் சொன்னாய், பதினோரு பேர் வேறு ஆலை வாசலில் போய் நின்று உன்னைத் திட்டினார்கள். விசாரித்தால் அந்த ஆலைக்காரன் முந்தின நாள்தான் புதுச் சங்கு மாட்டியிருக்கிறான், உன் காதில் பிசகில்லை. பொமராய் இதைக் கேட்டதும் தொப்பியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தான். மோசமான ஆள் இல்லை, மோசமான இடத்தில் சம்பளம் வாங்குகிறான்.

வெள்ளிக்கிழமை பேரம் நடந்தது. க்ரேன் ஐந்நூறு டாலரில் ஆரம்பித்தான், என்னவோ எனக்குப் பிச்சை போடுகிற முகத்தோடு. நான் இரண்டே விலை சொன்னேன். நான் சாக வேண்டுமானால் பதினைந்தாயிரம் டாலர், ஏனென்றால் பதினாறு ஓட்டல்களுக்கு என் பெயரைச் சொல்லித்தான் மீன் போடுகிறேன், செத்தவளிடம் எவன் வாங்குவான். உயிரோடு, சான் பெட்ரோவில், சொந்தப் பெயரோடு இருக்க வேண்டுமானால் எனக்குக் காசே வேண்டாம். "இப்படி யாருமே பேரம் பேச மாட்டாங்கம்மா" என்றான். "பேசாதவங்கதான் உங்க படத்துல செத்துட்டாங்க" என்றேன். என் கடை ஃபோனிலேயே முதலாளியோடு அரைமணி பேசினான், திரும்பி வந்து, "பெரியவர் சொல்லிட்டார், நீங்க உயிரோடயே இருங்க" என்றான். இரக்கத்தால் அல்ல மகளே, மலிவு என்பதால். எனக்கு அது போதும், மலிவைத் தேடி வருகிறவனை வைத்துத்தான் நான் கடையே கட்டினேன்.

ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள், போடாவிட்டால் நான் போட்டிருப்பேன். அநாதைக் கதை பொய், என் தாய் சான் பெட்ரோவில் மீன் விற்கிறாள் என்று நீ உன் வாயால் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மார்ச்சில் படப்பிடிப்பு, சொல்லாவிட்டால் படமும் இல்லை, பாட்டும் இல்லை. சிரிப்பார்கள், இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் வேறொருத்தியைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் கையெழுத்து ஆயிற்று, உன்னுடையதற்கான தாள் உள்ளே இருக்கிறது, மாதக் கடைசிக்குள் அனுப்பு. போடமாட்டேன் என்றால் அதையும் எழுதிவிடு, மழுப்பாதே, எனக்கு மழுப்பல் பிடிக்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வழக்கம்போல உப்புக்கருவாடு ஊறும், நீ வராவிட்டாலும் உன் பங்கை நிகோ தின்பான், கவலைப்படாதே. தேவமாதா உன் தொண்டையையும் கொஞ்சம் உன் நெஞ்சையும் காக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிடு, இனி யாரும் உன் கன்னத்தை அளக்கப் போவதில்லை.

உன்னைப் பெற்றவள்,
பெரினா லுக்‌ஷிச்,
மொத்த மீன் வியாபாரம், சான் பெட்ரோ.

பி.கு. பத்திரத்தில் எழுதியது உனக்கும் தெரிந்திருக்கட்டும்: தாய்ப் பாத்திரம் சொந்தப் பெயரோடு படம் முடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். சட்டப்படி ஏதாவது ஒரு விலை எழுதியாக வேண்டும் என்றார்கள், எழுதிக்கொண்டோம்: ஒரு டாலர், ரொக்கமாக.