விரல் காட்டிய மாதையனுக்கு

என் மாப்பிள்ளை மாதையா,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது உன்னிடம் மட்டும்தான் கத்தாமல் பேச முடிகிறது. என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, போடும் சத்தத்தைக் கேட்டு, நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம் என்று தெருவே நினைக்கிறது. பாவம், அவள் சாப்பிட வா என்றுதான் கூப்பிடுகிறாள்.

இடது காது முழுசாகப் போய்விட்டது. வலதில் எந்நேரமும் ஒரே இரைச்சல். மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தேனே, ஆறு மாதம் முன்னால் ரிவர்ஸில் வந்த லாரியின் ஹாரன் காதில் விழவில்லை. டிரைவர் பிரேக் போட்டதால் இதை எழுதுகிறேன். மறுநாளே வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை.

பதினேழு வருஷம் பீரங்கி பக்கத்தில் நின்ற காது, ஊனத்துக்கான பென்ஷன் கொடுங்கள் என்று மனுப் போட்டேன். திரும்பி வந்துவிட்டது. நாம் இருவரும் பட்டாளத்தை விட்டு வரும்போது நடந்த மெடிக்கலில் காது நன்றாக இருந்தது என்று ரெக்கார்டில் இருக்கிறதாம்.

அந்த மெடிக்கல் ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல நம்பர் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆளாக எதிரே நின்ற நீ, ஃபைலுக்குக் கீழே விரலை நீட்டினாய். ஐந்து, மூன்று, இரண்டு. நான் அப்படியே ஒப்பித்தேன். காது போனது தெரிந்தால் ஓசூரில் ஒரு கம்பெனியும் சேர்க்காது என்று முந்தின நாளே நீ சொல்லியிருந்தாய். அந்த ரெக்கார்டைக் காட்டித்தான் வேலை வாங்கினேன். உன்னை வாழ்த்துவதா, வைவதா?

நடந்ததை அப்படியே எழுதி மேல்முறையீடு செய்யுங்கள், அதை விட்டால் வழியில்லை என்றார் மனு எழுதிக் கொடுப்பவர். உன் பேரையும் எழுத வேண்டுமாம். செத்தவனை மாட்டிவிட்டா நான் பிழைக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். மாதையா, எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் காதை வைத்துக்கொண்டு இனி எந்த கேட்டில் போய் நிற்பேன்? நான்கு நாள் கழித்து வெட்கத்தை விட்டு மத்தூருக்கு, உன் வீட்டுக்கு, பஸ் ஏறினேன்.

உன் வீட்டுக்காரி செல்வி இலை போட்டாள். சோற்றில் கை வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேர் கெடும், அவளுக்கு வரும் பென்ஷனுக்கே வில்லங்கம் வந்தாலும் வரும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி நீட்டினாள்.

"கேக்காதவன கேக்குதுன்னு சொல்ல வெச்சுட்டேனேன்னு கடைசி வரைக்கும் பொலம்புனாரு. அவரு பேரைப் போடுங்கண்ணா."

ஏண்டா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியும் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்னவோ.

மனுவில் உன் பேர் ஏறிவிட்டது. மறுபடி மெடிக்கலுக்குக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். கூப்பிட்டால், எதிரே நீ இருக்க மாட்டாய். டாக்டர் பின்னால் நின்று என்ன நம்பர் வேண்டுமானாலும் சொல்லட்டும். கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், மாதையா. இந்தத் தடவை சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் செல்விக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான
முனிராஜ்,
கெலமங்கலம்