தர்மலிங்கத்தின் தாளில் என் பெயர்

அன்புக்குரிய தர்மலிங்கம்,

வெறும் பெயரை எழுதியிருக்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு என் பெரியண்ணன் வயது. வெளியில் இப்படிக் கூப்பிட நாக்கு கூசும். ஆனால் மனநலக் கிளினிக்கின் சனிக்கிழமைக் குழுவில் அதை நடத்தும் மிஸ் ரீட்டா போட்ட முதல் விதியே அதுதானே. "இங்க அண்ணே, அக்கா, தம்பி எதுவும் வேண்டாம். அண்ணேன்னு கூப்பிட்டுட்டா, அவர் நினைக்கிறது தப்புன்னு அப்புறம் யாரும் வாயத் திறக்க மாட்டீங்க." எனக்கு அந்த விதியின் மேலும் சந்தேகம்தான். நம்மை ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்ல வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நான் எதைத்தான் சந்தேகப்படவில்லை? கிளினிக் மாடியறையில் வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் வாசலை ஒட்டியதைத்தான் எப்போதும் பிடித்துக்கொள்வேன். கடலைக் கடக்கும் ஃபெரியில் கால் வைத்தாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்று வந்தவள் நான். மனசில் ஓடும் நினைப்பைத் தாளின் தலையில் எழுது, அது உண்மை என்பதற்கு ஆதாரத்தை இடப்பக்கம் எழுது, இல்லை என்பதற்கு ஆதாரத்தை வலப்பக்கம் எழுது என்றார் மிஸ் ரீட்டா. நான் "ஃபெரி மூழ்கிவிடும்" என்று எழுதினேன். நீங்கள் எழுதியது "என்னை யாரும் நம்புவதில்லை."

ஏன் என்றும் நீங்களே சொன்னீர்கள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தீர்கள். தொழிலாளர்கள் ரகசியமாகப் போட்ட கூட்டம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. கிராணிதான் சொன்னான் என்று தோட்டமே உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஒருவரும் வந்து கேட்கவில்லை, பேசாமல் மட்டும் இருந்தார்கள் என்றீர்கள். அன்றைக்கே என் மனசு கேட்டது, ஒருவேளை இவர்தான் சொல்லியிருப்பாரோ?

அப்புறம்தான் எனக்குப் புக்கிட் தெங்காவிலிருந்து வந்த வரன் தட்டிப்போனது. பெண் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று யாரோ மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் கிளினிக்குக்குப் போவது அம்மாவுக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியும். குழுவில் ஃபெரி ஏறி அந்தக் கரையிலிருந்து, மாப்பிள்ளை ஊர்ப் பக்கமிருந்து, வருபவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எல்லார் முன்னாலும் கேட்டேன். "மாப்பிள்ள வீட்டுல போய் சொன்னது நீங்கதானே? தோட்டத்துல செஞ்சத இங்கயும் செஞ்சிட்டீங்க."

மிஸ் ரீட்டா குரலை உயர்த்தவில்லை. "லெட்சுமி, தாள எடுங்க. ஆதாரம் என்ன?"

"அவர் மூஞ்சிதான் ஆதாரம்."

நீங்கள் தரையைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "நான் இல்லன்னு சொன்னா நீ நம்பமாட்ட. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாரும்மா."

என் அம்மாவையா கை காட்டுகிறீர்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அடுத்த வாரம் உங்கள் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலி. ஃபேக்டரி மணி தன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "நாற்காலி ஏன் நகர்ந்துச்சுன்னு பேசலாமா?" என்று மிஸ் ரீட்டா கேட்டார். யாரும் பேசவில்லை. தோட்டத்தில் நடந்ததை நாங்கள் அந்த அறையில் அப்படியே திருப்பி நடத்திக் காட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகும் ஐந்து வாரம் வந்தீர்கள். குற்றம் செய்தவர்தான் இப்படித் தவறாமல் வருவார் என்று அதையும் இடப்பக்கம் எழுதினேன். ஆறாவது வாரம் மாரடைப்பில் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தது.

போன வெள்ளிக்கிழமை அம்மா புது வரன் பேச்சை எடுத்தார். "கவலப்படாத, சாமி பார்த்துக்கும். போன வரன் வந்தப்பவே உன் பேரு, நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை பண்ணிட்டேன்."

"வேற என்ன சொன்னீங்க?"

"ஐயர் என்ன வேண்டுதல்னு கேட்டாரு. பொண்ணுக்கு மனசு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருது, குணமாகணும்னேன். சாமிகிட்டதானேலா சொன்னேன்."

"பின்னால யாரு நின்னா?"

"அந்தப் புக்கிட் தெங்கா மாப்பிள்ளையோட அத்தை. நம்ம பிரசாதத்தக்கூட அவங்களுக்குக் குடுத்தேன்."

அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் போனேன். உங்கள் மனைவி காப்பி கொடுத்துவிட்டு உங்கள் தாள்களைக் கட்டாக என் கையில் வைத்தார். "இது உங்க குழுவோடது. நீயே கொண்டுபோய் குடுத்துடும்மா." இவருக்கு எல்லாம் தெரியுமோ, வேண்டுமென்றேதான் என் கையில் கொடுக்கிறாரோ என்று அப்போதும் சந்தேகம். திரும்பும் ஃபெரியில் உட்கார்ந்து, அடுத்தவர் தாளைப் படிக்கக் கூடாது என்ற விதியையும் மீறி, என் பெயரைத் தேடினேன். என்னைத் திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நிச்சயமாக நம்பினேன்.

நான் குற்றம் சாட்டிய அந்தச் சனிக்கிழமைத் தாளின் தலையில் அதே "என்னை யாரும் நம்புவதில்லை." இடப்பக்கம் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. என் பெயர் வலப்பக்கம் இருந்தது. "லெட்சுமி என் முகத்துக்கு நேரே கேட்டாள். தோட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை."

ஃபெரி கரை சேர்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகு ஊழியர் வந்து எழுப்பிவிட்டார்.

தோட்டத்தில் அன்று சொன்னது யார்? எனக்குத் தெரியாது. என் மனசு இப்போதும் அதைக் கேட்கிறது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் என் இடப்பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லை.

வரும் சனிக்கிழமை வாசல் நாற்காலியில் உட்கார மாட்டேன். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொன்னதையும் நான் செய்ததையும், உங்களைக் குற்றம் சாட்டிய அதே குரலில் எல்லாருக்கும் சொல்வேன். சொல்லி முடிக்கும்போது உங்களை அண்ணே என்பேன். மிஸ் ரீட்டா விதியை நினைவுபடுத்தினால் படுத்தட்டும்.

உங்கள் முகத்துக்கு நேரே கேட்ட,
உங்கள் தங்கை லெட்சுமி