படகுக்கும் ஒரு பங்கு

லைட்ஹவுஸ் குப்பம்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. கங்கையம்மன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் இங்கே சுகம், அந்த வியன்னா குளிரில் உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. தினம் போனில் பேசிவிட்டுக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், மீதியைக் கேட்கமாட்டாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, உட்கார்ந்து படி.

மார்கழியில் நைனா வலையில் ஒரு நீலக் கேன் மாட்டியது. உள்ளே டீத்தூள் உறை மாதிரி பொட்டலங்கள், பிரித்தால் வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடிக் கல். நைனாவும் கூடப் போகிற சடையன், தங்கவேல், முரளி மூன்று பேரும் ஒரே மனதாக அதைப் படிகாரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கடலில் எது கிடைத்தாலும் ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கும் ஒரு பங்கு, உனக்குத் தெரியாததா. அப்படியே பங்கு போட்டார்கள். படகின் பங்கைக் கறுப்புத் துணியில் முடிந்து, எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துத் திருஷ்டிக்காகப் படகு முகப்பில் கட்டினார் உன் நைனா. மறுநாள் வஞ்சிரம் நன்றாகப் பட்டது, கேட்க வேண்டுமா, கற்பூரம் வேறு காட்டினார். மகள் போதை மருந்தைத் தடுக்க உலகத்துக்கே கடிதம் எழுதுகிறாள், அப்பா அதற்குக் கற்பூரம் காட்டுகிறார். எனக்கு இப்போதுதான் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

மழைக்குக் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. தெளியட்டும் என்று வீட்டுப் பங்கிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் குடத்தில் போட்டேன். படிகாரம் என்றால் கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் போய் உட்கார வேண்டும். இது உப்பு மாதிரி கரைந்து போனது, தண்ணீர் அப்படியே செம்மண் நிறத்தில் நின்றது. யாரும் குடிக்கவில்லை, பயப்படாதே. போன லீவில் போதை மருந்து இப்படித்தான் இருக்கும் என்று நீ லேப்டாப்பில் காட்டிய படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொல்லையில் குழி தோண்டிக் குடத்தோடு புதைத்தேன்.

நைனாவிடம் சொன்னேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். ஜெயிலை நினைத்துத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ‘எம் பொண்ணு பாக்கற வேலைக்கு நானே வேட்டு வச்சிட்டனே’ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். சடையன் வந்து, ‘இன்னாக்கா, கடல்ல கொட்டிட்டா முடிஞ்சிது, யாருக்கு இன்னா தெரியப்போவுது’ன்னு கேட்டான். கொட்டினால் நாளைக்கு இன்னொரு வலையில் மாட்டும், அவர்களும் பங்கு போடுவார்கள், பேசாமல் எல்லாப் பங்கையும் கொண்டு வாருங்கள், போலீசில் கொடுத்துவிடலாம் என்றேன்.

தங்கவேலும் முரளியும் அன்றைக்கே கொண்டு வந்தார்கள். படகில் கட்டியிருந்ததையும் அவிழ்த்தாயிற்று. சடையன் கொண்டு வந்தது மட்டும் பாதிதான் இருந்தது. ‘இவ்ளோதாங்கா’ன்னு சாதித்தான். மறுநாளும் கேட்டேன், அதே பதில். நான் என்ன போலீசா, அவன் வீட்டில் புகுந்து தேட? மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி, தங்கவேல், முரளி எல்லோரையும் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டான். மீதியைச் சுண்ணாம்புக்குளத்தில் அவன் தங்கச்சி சாந்தியின் கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டக் கொடுத்துவிட்டானாம், அவளை போலீஸ் பிடித்துவிடும் என்று மறைத்திருக்கிறான். நானே பஸ் ஏறிப் போய் ஸ்டூல் போட்டு அவிழ்த்து வந்தேன். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் கேனோடு கொண்டு போய்க் கடலோரப் போலீசில் ஒப்படைத்தோம். பதினோரு நாள் படகைக் கரையில் நிறுத்தி வைத்தார்கள், நைனாவை நாலு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தப் பதினோரு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, உன்னிடம் போனில் பேசும்போது மட்டும் சிரித்தார். கடைசியில் குடத்தில் கரைந்தது, சாந்தி கடையில் இருந்தது உட்பட எதையும் மறைக்கவில்லை என்பதால் சாட்சி என்று எழுதி விட்டுவிட்டார்கள். அந்த அதிகாரி நல்ல மனுஷன். உறையில் இருந்த முத்திரை எந்த ஊருடையது என்று டெல்லிக்கு எழுதுவார்களாம், அங்கிருந்து வியன்னாவில் நீ வேலை பார்க்கிற போதை மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் விவரம் போகலாம் என்றார்.

இனிமேல்தான் உன் விஷயம். போன மாதம் நீ என்ன சொன்னாய்? நாடெல்லாம் போதை மருந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிடிபட்ட சரக்கின் கணக்கை அனுப்புவதில்லை, நாங்கள் கேட்கத்தான் முடியும், கூப்பிடாமல் போய்ப் பார்க்கக்கூட முடியாது, மார்ச் கூட்டத்துக்குக் கண்காணிப்பைப் பலப்படுத்தச் சொல்லி எழுதுகிற வரைவை ஒருவரும் படிக்கப் போவதில்லை, வேலையை விட்டுவிடுகிறேன் என்றாய். வெறும் கேள்வி கேட்பதற்கா இவ்வளவு படித்தாய் என்று நானும் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அது என் தப்பு. என் கையிலும் கேள்வியைத் தவிர ஒன்றும் இல்லை. தனியாகக் கேட்டபோது இரண்டு தடவை பொய் சொன்னவன் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாமல் நின்றான். உன் வரைவில் அது இருக்கிறதா? பதில் போடாத நாட்டின் பெயரை மற்ற நாடுகளை உட்கார வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று எழுது. சடையனுக்கு வந்த வெட்கம் அவர்களுக்கும் வராமலா போகும். கூட்டம் முடியட்டும், அப்புறம் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை. நேற்று நிறைய இறால், வீடெல்லாம் வாசனை. நைனா பொன்னேரியில் புதுப் படிகாரம் வாங்கி வந்தார், கலங்கல் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் படகில் கட்ட விட்டேன். காலையில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி ரொட்டியைத் தின்று படுக்காதே, சோறு வை. அம்மன் உனக்குத் தைரியத்தையும் நல்ல ஆயுசையும் கொடுப்பாள்.

ஒன்றை மறக்காதே. ‘டெல்லிக்குப் போன நம்ம கேன் காயிதம் பூவு டேபிளுக்குப் போயிருக்குமா’ன்னு உன் நைனா தினம் கேட்கிறார். வந்ததா என்று பார். வரவில்லை என்றால் நம் நாடுதானே என்று சும்மா இருந்துவிடாதே. எல்லோர் முன்னாலும் எங்களையும் கேள்.

உன் அம்மா,
ரா. பச்சையம்மா